பெரிய திரை, அளவான பட்ஜெட்: டிவி பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

டிவி பழுது பார்ப்பது என் தொழில். பிக்சர் டியூப் காலத்தில் கற்றுக்கொண்டேன், இப்போது பெரும்பாலும் எல்.இ.டி. ஸ்டிரிப் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்குப் பட்டை) மாற்றிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: கைக்கு அடக்கமான விலையில் பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? அதனால் இந்த இதழில் டிவி கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் ஹாலில் சோபாவிலிருந்து டிவி வைக்கும் சுவருக்கு எட்டரை அடி தூரம். மகன் 65 அங்குலம் கேட்கிறான். அவ்வளவு பெரிய திரை கண்ணைக் கெடுத்துவிடும், 43 போதும் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: அளவைப் பொறுத்தவரை மகன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது அம்மா. திரையின் மூலைக்கு மூலை நீளத்தை 1.6ஆல் பெருக்கி, அந்தத் தூரத்தில் உட்கார்ந்தால் திரை நம் பார்வையில் ஏறக்குறைய 30 டிகிரி அகலத்தை அடைத்துக்கொள்ளும். வீட்டில் படம் பார்க்க அது வசதியான அளவு. தியேட்டர் மாதிரி வேண்டும் என்பவர்கள் 1.2ஆல் பெருக்கிக்கொள்ளலாம், அது 40 டிகிரி. உங்கள் எட்டரை அடி சுமார் 260 சென்டிமீட்டர். 65 அங்குலம் என்பது 165 செ.மீ., அதை 1.6ஆல் பெருக்கினால் 264. கணக்கு கச்சிதமாக உட்காருகிறது. 55 அங்குலத்துக்கு 224 செ.மீ. வரும். 43 அங்குலத்தை இவ்வளவு தள்ளியிருந்து பார்த்தால் 4கே வாங்கியதற்கே பலன் இருக்காது. முழு எச்.டி. டிவிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு எட்டாது. உண்மையைச் சொன்னால், 65 அங்குலத்தில்கூட அந்த வித்தியாசம் தெரிய ஆரம்பிப்பதே ஏறக்குறைய இந்தத் தூரத்தில்தான்.

பெரிய திரை கண்ணைக் கெடுக்காது. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பளீரென்று வைத்த திரையைக் கண் சிமிட்டாமல் மணிக்கணக்கில் பார்ப்பதால்தான் கண் களைத்துப்போகிறது. டிவிக்குப் பின்னால் சிறிய விளக்கு ஒன்று எரியட்டும், திரையின் வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள். ஒரே தொகைக்குச் சாதாரண 65ம், அதைவிடத் தரமான 55ம் கிடைத்தால் நான் 55ஐத்தான் எடுப்பேன். அதிலும் வீட்டில் பழைய எஸ்.டி. சேனல்கள் நிறைய ஓடும் என்றால் யோசிக்காமல் எடுப்பேன். எஸ்.டி. படத்தில் 720க்கு 576 புள்ளிகள் மட்டுமே உண்டு. 4கே திரையை நிரப்ப அதன் ஒவ்வொரு புள்ளியும் இருபது புள்ளியாக விரிய வேண்டும். திரை பெரிதாக ஆக அந்தக் குறை முகத்தில் அறையும்.

எதை வாங்கினாலும் முதலில் சுவரில் செய்தித்தாளை ஒட்டிப் பாருங்கள். 65 அங்குலத்துக்கு அகலம் 144, உயரம் 81 செ.மீ. 55க்கு 122க்கு 69. ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும், வீட்டில் எல்லோரும் பார்த்துப் பழகட்டும். மேசையில் வைப்பதாக இருந்தால் மேசையின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். விலை குறைந்த பெரிய டிவிகளில் கால்கள் நடுவில் இல்லாமல் இரண்டு ஓரங்களிலும் இருக்கும். மேசை சின்னதாகப் போய், டிவி பெட்டிக்குள்ளேயே கிடக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கடையில் 55 அங்குல டிவி இரண்டு பார்த்தேன். இரண்டு பெட்டியிலும் 4கே, எச்.டி.ஆர்.10, 107 கோடி நிறங்கள் என்று ஒரே வாசகங்கள். விலை மட்டும் ஒன்று மற்றதைப் போல ஒன்றரை மடங்கு. "பிராண்டுக்குத்தான் சார் காசு" என்கிறார் விற்பனையாளர். அப்படித்தானா?

பதில்: சில நேரம் அப்படியும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் வித்தியாசம் பெட்டியில் அச்சடிக்காத இடத்தில் இருக்கிறது. அச்சடித்ததை முதலில் பார்த்துவிடுவோம். 4கே என்றால் 3840க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். மலிவானதிலும் அதே 83 லட்சம், விலை உயர்ந்ததிலும் அதே 83 லட்சம். இந்த ஒரு விஷயத்தில் ஏமாற ஒன்றும் இல்லை, பெருமைப்படவும் ஒன்றும் இல்லை. 107 கோடி நிறம் என்பது 10 பிட் கணக்கு, 8 பிட் பேனல் (படம் தெரியும் திரைப்பலகை) காட்டுவது 1.67 கோடி. பல டிவிகளில் 8 பிட் பேனலையே வேகமாக மினுக்கி 10 பிட் போலக் காட்டுவார்கள். வீட்டில் பார்க்கும்போது அது பெரிய குறையாகத் தெரியாது, அதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

எச்.டி.ஆர்.10 என்ற வாசகம்தான் அதிகம் குழப்புகிறது. எச்.டி.ஆர். என்பது இருட்டையும் பளீர் வெளிச்சத்தையும் ஒரே படத்தில் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் முறை. அந்த சிக்னல் வந்தால் டிவி வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அதற்கு அர்த்தம், அதை உள்ளபடி காட்டும் என்று அர்த்தமில்லை. எச்.டி.ஆர். படங்களைத் தயாரிக்கும்போது வெளிச்ச உச்சத்தை 1000 நிட்ஸ் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்கிறார்கள், சில படங்களுக்கு 4000 வரைகூடப் போகும். நம் பட்ஜெட்டில் வரும் பெரிய டிவிகள் பெரும்பாலும் 250 முதல் 350 நிட்ஸ் வரைதான் தரும். ஆயிரத்தை முந்நூறுக்குள் அடைக்க டிவி படத்தை அமுக்குகிறது, இரவுக் காட்சி இருண்டுபோகிறது. "எச்.டி.ஆர். படம் போட்டால் ஒன்றுமே தெரியவில்லை" என்று என்னிடம் வருகிறவர்களின் டிவியில் பழுது எதுவும் இருப்பதில்லை. 600 நிட்ஸ் தாண்டி, வெளிச்சத்தைப் பகுதி பகுதியாகக் கட்டுப்படுத்தவும் தெரிந்த டிவியில்தான் எச்.டி.ஆர். என்றால் என்ன என்று கண்ணுக்குப் புரியும். அந்த அளவுக்குப் பணம் இல்லையென்றால் எச்.டி.ஆர். என்ற எழுத்தையே மறந்துவிட்டு, சாதாரணப் படத்தை எது நன்றாகக் காட்டுகிறது என்று பாருங்கள். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

பகுதி பகுதியாக என்றேனே, அதை விளக்க வேண்டும். எல்.சி.டி. பேனல் தானாக ஒளிராது, அதற்குப் பின்னால் எல்.இ.டி. விளக்குகள் வரிசையாக எரிகின்றன. மலிவான டிவியில் அத்தனையும் சேர்ந்தே எரியும், சேர்ந்தே மங்கும், ஹாலில் உள்ள எல்லா விளக்குக்கும் ஒரே சுவிட்ச் வைத்தது போல. இருண்ட வானத்தில் ஒரு நிலா என்றாலும் நிலாவுக்காக எல்லா விளக்கும் எரியும், வானம் சாம்பல் நிறமாகும். லோக்கல் டிம்மிங் உள்ள டிவியில் நிலா இருக்கும் இடத்து விளக்கு மட்டும் எரியும். மினி எல்.இ.டி. என்பது விளக்குகளைப் பொடியாக்கி, அந்தப் பகுதிகளின் எண்ணிக்கையைக் கூட்டிய வகை. ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். அது நம் பட்ஜெட்டுக்கு வெளியே.

டிம்மிங் இல்லாத டிவியில் கறுப்பைக் காப்பாற்ற வேண்டியது பேனல்தான். வி.ஏ. வகைப் பேனலின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், பொதுவாக 3000க்கு 1 அல்லது அதற்கு மேல். ஐ.பி.எஸ். வகையில் ஏறக்குறைய 1000க்கு 1. இரவில் நேர் எதிரே உட்கார்ந்து படம் பார்க்கிறவர்களுக்கு வி.ஏ. நல்லது. ஹாலின் மூலைகளிலிருந்தும் ஆட்கள் பார்ப்பார்கள் என்றால் ஐ.பி.எஸ். நல்லது, பக்கவாட்டில் நிறம் வெளுக்காது. பெட்டியில் இது எழுதியிருக்காது. ஆனால் கண்டுபிடிப்பது சுலபம். முகங்கள் தெரியும் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு பக்கவாட்டில் நடந்து போங்கள். நிறம் சோகை பிடித்தது போல வெளுத்தால் வி.ஏ., அப்படியே இருந்தால் ஐ.பி.எஸ்.

கியூ.எல்.இ.டி. என்ற பெயரைப் பார்த்து ஓ.எல்.இ.டி.யின் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் எல்.சி.டி.தான், நடுவில் குவாண்டம் டாட் என்ற நுண்துகள் படலம் சேர்த்தது. அந்தத் துகள்களைக் கண்டுபிடித்து உருவாக்கிய மூவருக்கு 2023இல் வேதியியல் நோபல் பரிசே கொடுத்தார்கள், நிஜமாகவே அருமையான விஞ்ஞானம். சிவப்பும் பச்சையும் சுத்தமாக வரும். கறுப்பு மட்டும் பழைய கறுப்பேதான்.

கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவ் எடுத்துப் போங்கள். அதில் முழுக் கறுப்புப் படம் ஒன்று, நடுத்தரச் சாம்பல் ஒன்று, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரவுக் காட்சி ஒன்று இருக்கட்டும். கடையில் ஓடும் பூவும் பறவையும் டிவியை விற்பதற்காகவே எடுத்தவை, அவற்றைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. நிறத்தையும் வெளிச்சத்தையும் தூக்கிக் காட்டும் விவிட் மோடை எடுத்துவிட்டு சினிமா அல்லது மூவி மோடில் வைக்கச் சொல்லுங்கள். சாம்பல் படத்தில் திட்டுத் திட்டாக அழுக்குப் படிந்தது போலத் தெரிந்தால் அந்த பேனல் வேண்டாம். பந்து விளையாட்டில் கேமரா மைதானத்தின் குறுக்கே நகரும்போதெல்லாம் அந்தத் திட்டுகள் பச்சைப் புல்லின் மேல் தெரிந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு விடாது. கறுப்புப் படத்தில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் செய்ய விடமாட்டோம் என்கிற கடை என்றால், வேறு கடை பாருங்கள்.

கேள்வி: புது டிவியில் சினிமா பார்த்தால் சீரியல் பார்ப்பது போல வழவழவென்று இருக்கிறது. டிவி கெட்டுப்போயிருக்கிறதா அண்ணா?

பதில்: கெடவில்லை தம்பி. சினிமா விநாடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுக்கப்படுகிறது. இடையில் இல்லாத சட்டங்களை டிவி தானாகக் கற்பனை செய்து நுழைக்கிறது, அதனால் வருவதுதான் அந்த வழவழப்பு. செட்டிங்கில் அதை அணைத்துவிடுங்கள். சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி, எல்.ஜி.யில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர் இருக்கும். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இயக்குநர்கள் பலரும் கேட்டு 2019இல் வந்த ஏற்பாடு அது.

அணைத்த பிறகு கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் லேசான துள்ளல் தெரியும். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது விநாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும் திரையில், 24 சட்டங்களைச் சமமாகப் பங்குவைக்க முடியாது, ஒன்று மூன்று தடவையும் அடுத்தது இரண்டு தடவையுமாகக் காட்டும். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொன்றும் ஐந்து தடவை, துள்ளல் இல்லை. பெட்டியில் 'மோஷன் ரேட் 240' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள், அது பேனலின் வேகம் அல்ல.

கேள்வி: வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது. படம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஆப் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது, ரிமோட்டை அழுத்தினால் எப்போதோ நகர்கிறது. மாற்றிவிடலாமா?

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள். விலை குறைந்த ஸ்மார்ட் டிவிகளில் ரேம் 1 அல்லது 1.5 ஜிபிதான் இருக்கும். ஆப்கள் வருடா வருடம் பெருக்கின்றன, ரேம் பெருக்காது. புதிதாக வாங்குகிறவர்கள் 2 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம். உங்களுக்கு, முதலில் பயன்படுத்தாத ஆப்களை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து பாருங்கள். அப்புறமும் அப்படியே இருந்தால் ஆப்களைத் தானே ஓட்டும் நல்ல ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை எச்.டி.எம்.ஐ.யில் செருகுங்கள். பேனல் பத்து வருடம்கூட உழைக்கும், அதனுள் இருக்கும் கம்ப்யூட்டர்தான் சீக்கிரம் கிழடாகிறது. கிழடானதை மட்டும் மாற்றுங்கள்.

ஸ்டிக் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. அதற்கு வைட்வைன் (படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டு) எல்1 அனுமதி இருக்க வேண்டும். எல்3 மட்டும் உள்ள மலிவுப் பெட்டிகளில் முக்கியமான ஓடிடி படங்கள் எஸ்.டி. தரத்திலேயே ஓடும், திரை 4கே ஆக இருந்தாலும். படம் அடிக்கடி சுற்றிக்கொண்டு நின்றால் குறை டிவியில் இல்லாமல் வைஃபையிலும் இருக்கலாம். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது விநாடிக்கு 15 மெகாபிட். ரவுட்டரிலிருந்து கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. பின்னணி இசை காதைப் பிளக்கிறது, பேசுவது மட்டும் புரியவில்லை என்கிறார். பழைய பெட்டி டிவியில் அப்படி இல்லையாம்.

பதில்: அப்பா சொல்வது முழு உண்மை. பழைய டிவியில் ஸ்பீக்கர் நம்மைப் பார்த்து இருந்தது, பின்னால் பெரிய மரப்பெட்டியோ பிளாஸ்டிக் கூடோ இருந்தது. இப்போதைய டிவி ஒல்லியானதால் ஸ்பீக்கர் தரையைப் பார்த்துப் பேசுகிறது. 20 வாட் என்று எழுதியிருந்தாலும் பேச்சு தெளிவாக வராது. முதலில் சவுண்ட் மோடில் டயலாக், ஸ்பீச், கிளியர் வாய்ஸ் என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள், சரவுண்ட் என்று இருப்பதை அணையுங்கள். பலருக்கு இதிலேயே பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிக்கு சவுண்ட்பார்தான் வழி. ஒரு பெரிய டிவிக்காக ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் திரையை ஒரு அளவு குறைத்தாவது இதைச் செய்ய வேண்டும். பேச்சுக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள 3.1 வகை கிடைத்தால் நல்லது. டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும், ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையில்தான் செருக வேண்டும், வேறு துளையில் செருகினால் சத்தம் வராது. சரியான துளையில் செருகியும் வரவில்லை என்றால் டிவியின் ஆடியோ அவுட்புட்டை பி.சி.எம். என்று மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: திடீரென்று படம் போய்விட்டது, சத்தம் மட்டும் வருகிறது. "பேனல் போச்சு, புது டிவி வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார் மெக்கானிக். வேறு வழியே இல்லையா?

பதில்: முடிவு செய்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, டிவியை ஆன் செய்து, செல்போன் டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்வாக அடியுங்கள். உள்ளே மங்கலாகப் படம் நகர்வது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, பேக்லைட்தான், அதாவது பின்னால் எரியும் எல்.இ.டி. விளக்குகள்தான், போயிருக்கிறது. அது பழுது பார்க்கக்கூடிய விஷயம். எல்.இ.டி.கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று அறுந்தாலும் அந்தத் தொடர் முழுக்க நின்றுவிடும், பாதுகாப்புக்காக போர்டு மற்றதையும் அணைத்துவிடும். மாற்றும்போது எரிந்த ஒன்றை மட்டும் மாற்ற விடாதீர்கள், எல்லா ஸ்டிரிப்பையும் ஒரு செட்டாக மாற்றச் சொல்லுங்கள். மீதி எல்.இ.டி.களும் அதே வெப்பத்தில் அதே அளவு உழைத்தவைதான். திரையைக் கழற்றி மாட்டுவது கண்ணாடியோடு விளையாடும் வேலை, 55 அங்குலத்துக்கு மேல் என்றால் இரண்டு பேர் வேண்டும். அனுபவம் உள்ளவரிடமே கொடுங்கள்.

திரையில் வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் அது எல்.இ.டி. மேல் ஒட்டிய சிறு லென்ஸ் கழன்று விழுந்ததால். அதையும் சரிசெய்யலாம். செங்குத்தாகக் கோடுகள் வந்தால் அநேகமாகப் பேனல் கோளாறு, பணம் செலவழிப்பதில் பயனில்லை.

இந்தக் கேள்வியை அனுப்பாதவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். விலை குறைந்த பெரிய டிவியில் எல்.இ.டி.களின் எண்ணிக்கையைக் குறைத்து, இருப்பவற்றை அதிக மின்னோட்டத்தில் எரிய விடுகிறார்கள். அதோடு டிவி வந்த நாளிலிருந்து விவிட் மோட், பேக்லைட் 100. சூட்டிலேயே அவை செத்துப்போகின்றன. இன்றைக்கே பேக்லைட்டை 50, 60க்கு இறக்குங்கள். பல டிவிகளில் பிரைட்னஸ் என்று இருப்பது கறுப்பின் அளவை மாற்றுவது, அதைத் தொட வேண்டாம். பேக்லைட் என்று இருப்பதைக் குறையுங்கள். இரண்டு நாளில் கண் பழகிவிடும், படமும் முன்பைவிட நன்றாகவே இருக்கும்.

கேள்வி: நாம் என்ன பார்க்கிறோம் என்று ஸ்மார்ட் டிவி கண்காணிக்கிறதாமே?

பதில்: ஆமாம். ஏ.சி.ஆர். என்ற ஏற்பாடு திரையில் ஓடுவதைத் துண்டு துண்டாக அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்பும். பார்க்கிறவர்களைக் கேட்காமல் இப்படித் திரட்டியதாக எழுந்த வழக்கை முடித்துக்கொள்ள டிவி தயாரிக்கும் விசியோ நிறுவனம் 2017இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கொடுத்தது. முதல் தடவை ஆன் செய்யும்போது வரும் ஒப்புதல் பக்கங்களில் எல்லாவற்றுக்கும் ஓகே அழுத்தாதீர்கள். வியூவிங் டேட்டா, விளம்பரம் சம்பந்தமான ஒப்புதல்களை விட்டுவிட்டாலும் டிவி வேலை செய்யும். ஏற்கெனவே அழுத்திவிட்டவர்கள் பிரைவசி செட்டிங்கில் போய் அணைக்கலாம்.

கேள்வி: கூடுதல் வாரன்டிக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: பேனலும் பேக்லைட்டும் அதில் அடங்குமா என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். அடங்கும் என்றால், 55 அங்குலமும் அதற்கு மேலும் வாங்குகிறவர்களுக்கு நான் கட்டுங்கள் என்பேன். பேனலை மாற்றும் செலவு ஏறக்குறைய புது டிவி விலைக்கே வந்து நிற்கும். பேனல் அடங்காது என்றால் வேண்டாம். டிவி வந்த பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை வைத்திருங்கள். எடுத்துப் போகும்போது டிவி நின்ற நிலையிலேயே இருக்க வேண்டும், படுக்க வைத்தால் கண்ணாடி விரிசல் விடலாம்.